ஏட்டையா மறந்த அடிகள்

தவமணி ஏட்டையா மறந்த முதல் அடி அவர் பெண்டாட்டி கமலவேணி அக்காவின் முதுகில் விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா அடுப்படியில் குனிந்து தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்க, ஏட்டையா நாற்காலியில் உட்கார்ந்து காபியை ஆற்றியபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க, கையில் கம்பும் இல்லை கழியும் இல்லை, காற்றில் விர்ரென்று ஒரு சத்தம் மட்டும் வந்து, அக்கா மாவுப் பாத்திரத்தோடு தரையில் விழுந்தாள். எதிர்வீட்டில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்த நான் ஓடிப்போய்த் துணியை விலக்கிப் பார்த்தால், வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரைக்கும் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு தடிப்பு. இருபது வருஷமாக அந்த முதுகுக்கு அளவெடுத்துத் தைக்கிறவள் நான், அதில் மச்சம் எங்கே இருக்கிறது என்பதுகூட எனக்கு அத்துப்படி. அடிச்சீங்களா என்று ஏட்டையாவிடம் கேட்டேன். யாரை என்று கேட்டார்.

அவருக்கு மறதி நோய் என்று பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து அப்போது ஆறு மாதம். சாவியை அரிசிப் பானைக்குள் போடுவார், சாப்பிட்ட கை காய்வதற்குள் சோறு கேட்பார், எல்லா வீட்டிலும் நடக்கிறதுதானே என்று இருந்துவிட்டோம். போலீஸ்காரர் மறப்பது வேறு மாதிரி இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? முப்பத்து நாலு வருஷம் லத்தி பிடித்த கை. அதில் ஒரு அடியை அவர் மறந்தால், அந்த அடி இருக்க இடமில்லாமல் வெளியே வந்து, அந்த நேரம் அவர் கண்ணுக்கு நேரே யார் இருக்கிறார்களோ அவர்கள் மேல் விழும். இவ்வளவுதான் விஷயம். ஏன், எதற்கு என்று எங்கள் தண்ணீர்த்தொட்டித் தெருவில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, மண்டை உடையாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

பால்காரர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளோடு சாய்ந்தார். கேபிள்காரனுக்கு இரண்டு பல் போனது, பல்லைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் அழுதான். ஏட்டையாவின் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார்கள். மூன்றாம் நாள் காரை பெயர்ந்து, ஐந்தாம் நாள் செங்கல் விட்டு, பக்கத்து வீட்டில் ரசம் கொதிப்பது தெரிந்தது. கண்ணைத் துணியால் கட்டினார்கள். அன்றைக்கு அடி வழி தெரியாமல் தெருமுனை வரைக்கும் போய், பஸ்ஸுக்கு நின்ற ஒரு நர்ஸம்மாவின் மணிக்கட்டை உடைத்தது. யார் பெற்ற பிள்ளையோ, நமக்கு வந்ததை ஊருக்கு அனுப்பக் கூடாது என்று கட்டை அவிழ்த்துவிட்டோம்.

கடைசியில் கைகொடுத்தது வாழைமரம். தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் வாசலுக்கு இரண்டு மரம் கட்டுவார்கள், தாலி கட்டி முடித்துப் பந்தி முடிந்தால் அதைத் தூக்கி ஓடைக்குள் எறிவார்கள், அதை எங்கள் ஆட்கள் தோளில் சுமந்து வந்து ஏட்டையாவுக்கு எதிரே தூணில் கட்டினார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். பொத்தென்று சத்தம் கேட்கும், மரத்தில் பட்டை கிழிந்து நீர் வடியும், கமலவேணி அக்கா துணி போட்டுத் துடைப்பாள். முகூர்த்த நாள் எது என்று மாப்பிள்ளை வீட்டாரைவிட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள், அந்தக் காலத்தில் அவரிடம் அடி வாங்கினவர்கள். வந்து மரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்ற சின்னக்காளை, இது ரெண்டாயிரத்து ஒண்ணுல எனக்கு விழுந்தது, முடிக்கும்போது நுனியில ஒரு சுண்டு சுண்டுவாரு பாருங்க, அந்தச் சுண்டுதான் இது என்று விரலை வைத்துக் காட்டினான், காட்டிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனான். பார்த்தவரைக்கும் கடைசியில் அடித்தது முதலில் போனது. நான் துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் மரத்தில் வருஷம் எழுதினேன். ரெண்டாயிரத்து ஒண்ணு. தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றேழு. வருஷம் குறையக் குறைய நான் விரல்விட்டு எண்ணினேன், ஏனென்றால் எனக்கு வேண்டியது தொண்ணூற்று நாலு.

வீரணன் என் தம்பி. பத்தொன்பது வயது, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவான். யார் தோட்டத்திலோ மோட்டார் காணாமல் போனதென்று ஒரு வியாழக்கிழமை அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். சனிக்கிழமை மத்தியானம் தவமணி ஏட்டையா எங்கள் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார். நான்தான் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வெயிலில் வந்த மனுஷன் சொட்டு விடாமல் குடித்தார். ஆஸ்பத்திரியில் முகத்தை மட்டும் காட்டினார்கள், கழுத்துக்குக் கீழே துணியைச் சுற்றித் தைத்து வைத்திருந்தார்கள், போலீஸே நின்று எரித்தது. அவன் போட்ட சட்டை அத்தனையும் நான் தைத்தது, தோள் பதினேழு, கை ஒன்பதரை, அந்த உடம்பை எனக்குக் காட்டவில்லை. அன்றைக்கு டூட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள், ஐந்து பேரும் நான் இல்லை என்றார்கள், விசாரிக்க வந்தவர்களும் சரி என்று எழுதிக்கொண்டு போனார்கள். துக்கச் செய்தி சொல்ல வந்தவர்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? அவர் ரிட்டையராகி எங்கள் எதிரிலேயே வீடு கட்டினார், நான் அவர் வீட்டம்மாவுக்கு ஜாக்கெட் தைத்தேன். யார் அடித்தது, எங்கே எங்கே அடித்தது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்று இருபத்தொன்பது வருஷம் மிஷினை மிதித்திருக்கிறேன்.

இதற்கு நடுவில்தான் என் மகள் சுகப்பிரியா படம் எடுக்க வந்தாள். விஸ்காம் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், முதுமையும் மறதியும் என்று தலைப்புக் கொடுத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் படம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் முதலில் எழுதின கதையில் ஒரு வயசாளி பெண்டாட்டியின் பெயரை மறந்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார், கட்டிலுக்கடியில் தேடுவார், கடைசியில் சீர் டம்ளரின் விளிம்பில் வெட்டியிருக்கிற பெயரைப் படித்து அவளைக் கூப்பிடுவார். படித்துக் காட்டினாள், எனக்கே கண் கலங்கியது. அவள் சார் மட்டும் ஃபீல் பத்தலை என்றாராம். இரண்டாவது தடவை தெருவில் நடக்கிறதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். குறியீடு பிரமாதம், ஆனா கிராஃபிக்ஸுக்கு எங்க போவ என்று கேட்டாராம். கிராஃபிக்ஸ் வேண்டாம் சார், நேரே வந்து பாருங்க என்றிருக்கிறாள். அவர் ஏன் வருகிறார்.

உனக்குப் படம் எடுக்க வேறு ஆளே கிடைக்கலையா என்று சத்தம் போட்டேன். அம்மா, அவரு பாவம்மா என்றாள். பாவமாம். தட்டைத் தூக்கி எறிந்தேன், சோறு சுவரெல்லாம் ஒட்டியது, அவள் சுரண்டி எடுத்தாள். மாமா ஸ்டேஷனில் செத்தார் என்பது அவளுக்குத் தெரியும், மாலை போட்ட போட்டோ வீட்டில் இருக்கிறது, ஆனால் அவருக்கும் இவருக்கும் முடிச்சுப் போட எனக்கே தைரியம் இல்லாதபோது அவளுக்கு என்னத்தைச் சொல்ல.

ஆடி மாதம் வந்தது. ஆடியில் கல்யாணம் ஏது, மண்டபம் பூட்டிக் கிடந்தது, வாழைமரம் நின்றுபோனது. கமலவேணி அக்கா அரிசி மூட்டையை எதிரே வைத்துச் சமாளித்தாள், ஆளுக்கு ஒரு தலையணை கொடுத்தோம், தெருவெல்லாம் இலவம்பஞ்சு பறந்தது. அந்த நேரம் பார்த்துச் சுகாவின் சார் அதுவரை எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, அவரு மரத்தையும் மூட்டையையும் பாத்துப் பேசுறாரு, கண்ணுல உயிரே இல்ல, கேமராவுக்குப் பக்கத்துல ஒரு மனுஷ முகம் இருக்கணும், பாக்குறதுக்கு ஒரு முகம் இல்லாம எவன் மனசத் திறப்பான் என்று சொல்லி அனுப்பினார். ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வதற்கு நல்லாத்தான் இருக்கும். என் மகள் அப்பனுடைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். ஏட்டையா ஹெல்மெட்டைப் பார்த்து விரைப்பாக சல்யூட் அடித்தார். சரிப்படாது என்று அதையும் கழற்றிக் கீழே வைத்தாள்.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். ஏட்டையாவின் சட்டைக் காலருக்குள் மைக்கை ஒளித்து வைக்க ஒரு சின்னப் பை தைக்கச் சொல்லியிருந்தார்கள், தைத்து நூலைப் பல்லால் கடித்துவிட்டு ஓரமாக நின்றேன். அவளோடு படிக்கிற ஜெர்லின் என்ற பெண் கேமராவைப் பிடித்திருந்தாள். காலை பதினோரு மணி, ஜன்னல் வழியாக வெயில் அவர் மடியில் விழுந்திருந்தது. சுகா, உங்க வேலையில ரொம்பக் கஷ்டமானது எது தாத்தா என்று கேட்டாள்.

"வீடு தேடிப் போய்ச் சேதி சொல்றதுதாம்மா" என்றார் ஏட்டையா. "ஒரு வீட்ல சொல்லிட்டு நிக்கிறேன். ஒரு பொண்ணு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. கையக் கழுவாம வந்துட்டமேன்னு இருந்துச்சு எனக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, சுகாவின் உள்ளங்காலில் விழுந்தது அடி. அவள் கத்தின கத்தலில் ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறா பறந்தது. எனக்குக் கண் இருட்டி, இருட்டின அதே நொடியில் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. பெற்ற மகளின் சடையைப் பிடித்து இழுத்து மூலையில் தள்ளினேன், முக்காலியில் நான் உட்கார்ந்தேன், செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் அவருக்கு நேரே நீட்டினேன்.

"என்னையப் பாருங்க ஏட்டையா" என்றேன்.

பார்த்தார். பார்க்கப் பார்க்க வந்தது. உள்ளங்காலில், மகள் வாங்கினதையும் சேர்த்துப் பதினொன்று, நான் எண்ணினேன், எண்ணாமல் இருந்தால் மயங்கியிருப்பேன், ஏழாவதில் தோல் வெடித்து ரத்தம் தரையில் ஓடியது. முழங்காலுக்குப் பின்னால் நான்கு. வலது கை விரல்களில் மூன்று, ஊசி பிடிக்கிற விரல், அதில் ஒன்று சுள்ளி மாதிரி முறிந்தது. தோளில், பதினேழு இஞ்ச் தோளின் இந்த முனையிலும் அந்த முனையிலும். விலாவில் பூட்ஸ் கால், அது லத்தி இல்லை, அந்த வித்தியாசம் வாங்கினால்தான் தெரியும். வாயில் ஒன்று, கடைவாய்ப் பல் நாக்கின் மேல் வந்து கிடந்தது. முதுகில் எண்ண முடியவில்லை. நடுவில் தண்ணீர் தாகமாக எடுத்தது, அவனுக்கும் எடுத்திருக்கும், அவனுக்கு யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தபோதுதான் வாய்விட்டு அழுதேன். சுகா கட் கட் என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் கையைத் தூக்கி, எடு என்று சைகை காட்டினேன். ஜெர்லின் அழுதுகொண்டே எடுத்தாள், நல்ல பிள்ளை, கை நடுங்கவில்லை.

ஒவ்வொரு அடியாக வெளியே போகப் போக அவரும் காலியாகிக்கொண்டே வந்தார். அடியைப் பிடித்துக்கொண்டிருந்த மற்றதெல்லாம்கூட அதோடு சேர்ந்து போயிருக்க வேண்டும். வீடு போனது, மகன்கள் போனார்கள், உத்தியோகம் போனது, வாசற்படியில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுத கமலவேணி அக்கா போனாள். கடைசியில் என் பின்னந்தலைக்குப் பக்கத்தில் காற்று வந்தது. முடி அசைந்தது. வந்து அப்படியே நின்றது. ஏட்டையா நாற்காலியின் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்து, வியர்த்து, என்னைப் பார்த்தபடியே அதை உள்ளுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கும்மா. பின்மண்டைல விழுந்தது. இத மறந்தேன்னா நீ போயிருவ."

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

"யார அடிச்சீங்க?"

"வீரணன. அவன் வழுக்கி விழலம்மா. அந்த ஸ்டேஷன் பாத்ரூம்ல தண்ணியே வராது."

ஆஸ்பத்திரியில் எனக்குப் பதினெட்டு நாள். கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று சீட்டில் எழுதினார்கள், எழுதட்டும். உட்கார முடிந்த அன்றைக்கு நர்ஸிடம் இரண்டு கண்ணாடி கேட்டு வாங்கி, ஒன்றை முன்னாலும் ஒன்றை முதுகுக்குப் பின்னாலும் பிடிக்கச் சொல்லி, நிதானமாகப் பார்த்தேன். என் தம்பியின் உடம்பை எனக்குக் காட்டாமல் எரித்தார்கள் அல்லவா, இப்போது பார்த்தேன். தோள், விலா, இடுப்பு எல்லாம் பார்த்தேன். சந்தோஷம் என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

படத்தைக் கல்லூரியில் போட்டார்கள். காயத்துக்குப் போட்ட மேக்கப் தத்ரூபம் என்று மெச்சி இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். மேடையில் கொடுத்ததை வாங்காமல் சுகா இறங்கி வந்துவிட்டாள், வந்த வேகத்தில் படத்தை ஒரு வக்கீலம்மாவிடம் கொண்டுபோனாள். படம் படம்தான், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி அந்தாளு தன் வாயால சொல்லணும், சொல்ற வரைக்கும் மறக்காம இருக்கணும், மறந்துட்டா கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல என்றார் வக்கீலம்மா. மனு போட்டோம். வாய்தா போட்டார்கள். மறுபடி வாய்தா போட்டார்கள். நீதிபதி லீவு, அரசு வக்கீல் வரவில்லை, ஃபைல் மேலே போயிருக்கிறது, எங்களுக்கா தெரியாது இந்தக் கதையெல்லாம்.

தெரு கூடிப் பேசியது. எதிரே ஒரு மரத்தைக் கட்டி இதையும் போக விட்டுவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று பால்காரர் சொல்லிப் பார்த்தார். இந்த ஒண்ணு போகக் கூடாது என்று நான் சொன்னேன், சொல்லிவிட்டு ஜாக்கெட்டின் முதுகை விலக்கிக் காட்டினேன். ஒரே வளவில் பத்துக் குடித்தனம் இருந்தால் வாசல் தெளிக்க முறைவாசல் வைப்பார்கள் இல்லையா, அது மாதிரி ஏட்டையாவிடம் கேட்பதற்கு முறை வைத்தோம். திங்கள் பால்காரர் வீடு, செவ்வாய் டியூஷன் டீச்சர், இப்படி ஏழு நாளும். முறை வந்தவர்கள் குளித்துவிட்டுப் போய் எதிரே உட்கார்ந்து யார், யாரை, எங்கே, என்று கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற பிள்ளைகளுக்குப் பதினொன்று உள்ளங்கால், நான்கு முழங்கால் என்று வாய்ப்பாடு மாதிரி என் தம்பியின் சாவு மனப்பாடம். இருபத்தொன்பது வருஷம் ஒருத்தர் வாயிலும் வராத பெயர் இப்போது தினமும் காபி நேரத்துக்குத் தெருவில் கேட்கிறது.

ஏட்டையாவுக்கு வேறு ஒன்றும் இல்லை. பசித்தால் வீரணன் என்பார், முதுகு அரித்தால் வீரணன் என்பார். கமலவேணி அக்கா தன் சீர் டம்ளரைக் கொண்டுவந்து பெயர் வெட்டியிருக்கிற இடத்தை அவர் கண்ணுக்கு நேரே காட்டுகிறாள். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், படித்துவிட்டு யாரு அது என்று அவளிடமே கேட்கிறார். மகள் எழுதின முதல் கதையில் இது இல்லை.

நேற்று என் முறை. நான் போய் உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"வீரணன் அக்கா. என்னைய அந்த பீரோக் கண்ணாடி முன்னாடி உக்கார வச்சிரு. ஒரு நிமிசம் போதும். மறந்துர்றேன்."

கண்ணாடி முன்னால் அவர் கண்ணுக்கு நேரே இருக்கப்போவது அவரேதான். புரிந்ததும் ஆசையாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி ஆசையாக இருந்தது. எழுந்து நாற்காலியைப் பிடித்தேன். வளைந்து ஒட்டிய விரலோடு பாதி திருப்பியும் விட்டேன். நரைமுடி நாலு ஒட்டிக்கொண்டிருக்கிற அவர் பின்மண்டை எனக்கு நேரே வந்தது, கண்ணாடியில் அவர் காது தெரிந்தது, இன்னும் ஒரு சாண் திருப்பினால் முகம் தெரியும். அடுப்படி வாசலில் கமலவேணி அக்கா டம்ளரோடு நின்றாள்.

"முழுசாத் திருப்பிரு ஒச்சம்மா" என்றாள். "போதும்."

அதுவரைக்கும் அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை. என் தோளில் ஜாக்கெட்டுக்குப் போடுகிற லைனிங் துணி இரண்டு மீட்டர் கிடந்தது. அதை எடுத்துப் பீரோக் கண்ணாடி மேல் போட்டு, நான்கு பக்கமும் இழுத்துச் செருகினேன். நாற்காலியைப் பழையபடி எனக்கு நேரே திருப்பினேன். ஏட்டையா அழுதார், சத்தமில்லாமல், வாய் கோணிக்கொண்டு. அடுத்த வாய்தா பதினாலாம் தேதி. நான் என் வீட்டுக்குப் போய், அன்றைக்கு அவருக்குக் கொடுத்த அதே சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, அவர் வாயில் ஊற்றி, முந்தானையால் மோவாயைத் துடைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க ஏட்டையா. பாத்ரூம்ல தண்ணி வந்துச்சா?"

"வரலம்மா" என்றார்.